தவணைக்குத் தவணை

புதுக்கடை நீதிமன்றத் தொகுதிக்குச் சிறைச்சாலை பஸ் வந்து நிற்பதும், கூண்டில் நிற்பவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுவதும், அடுத்த தவணைத் திகதி சொல்லப்படுவதும் கொழும்பில் அன்றாடக் காட்சி. விளக்கமறியலில் இருப்பவரின் வழக்கு வழமையாக 14 நாட்களுக்கு ஒருமுறை நீதவான் முன் வரும். சிறிதளவு ஹெரோயினுடனோ ஐஸ் எனப்படும் மெதம்பெட்டமினுடனோ பிடிபட்டவரின் வழக்கென்றால் அது பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை இன்னும் வரவில்லை, பொலிஸார் மேலதிக காலம் கேட்கிறார்கள், விளக்கமறியல் நீடிக்கப்படுகிறது. கைப்பற்றிய பொதியில் தூய ஹெரோயின் எவ்வளவு என்பதைப் பகுப்பாய்வாளர் சொல்லும்வரை வழக்கு நகராது, அந்த அறிக்கைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது புதிதுமல்ல. அந்த ஒரு நிமிடத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: போன தவணைக்கும் இந்தத் தவணைக்கும் இடையில் இந்த ஆளுக்கு என்ன நடந்தது? உடம்பு எப்படி இருக்கிறது, மருந்து கிடைத்ததா, மறுபடி பாவித்தாரா, வீட்டில் யாராவது பேசுகிறார்களா? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே உலகின் சில நகரங்களில் தனி நீதிமன்றங்கள் இருக்கின்றன. கொழும்புக்கும் அப்படியொன்று தேவை என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். ஆனால் என்ன நிபந்தனைகளோடு அது அமையவேண்டும் என்பது, அமையவேண்டுமா என்பதைவிடப் பெரிய கேள்வி. நிபந்தனை பிசகினால் இப்போதிருக்கும் நிலைமையே இதைவிட மேல் என்று சொல்ல நேரிடும்.

இப்போதிருக்கும் நிலைமை என்ன? 1929-ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1984-இல் கடுமையாகத் திருத்தப்பட்டது. 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுட் சிறை என்றானது அப்போதுதான். 2022-ஆம் ஆண்டின் 41-ஆம் இலக்கத் திருத்தம் 5 கிராம் ஐஸையும் அதே வரிசையில் சேர்த்தது. இடையில், 1976-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடாத நாட்டில், போதைப்பொருள் கைதிகள் நால்வரின் மரண தண்டனையை நிறைவேற்ற 2019-இல் அன்றைய ஜனாதிபதி கையெழுத்திட்டார்; உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பொலிஸ் நடவடிக்கை வந்தது. சில கிழமைகளில் கைதானோர் தொகை 20,000-ஐத் தாண்டியது. அதை நிறுத்திவைத்து மீளாய்வு செய்யுமாறு 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் கேட்டார்கள். ஆட்சி மாறியது, 2025 ஒக்டோபர் 30 அன்று சுகததாச உள்ளக அரங்கில் ‘முழு நாடுமே ஒன்றாக’ என்ற போதை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. பெயர்கள் மாறுகின்றன, கணக்கு மட்டும் மாறுவதில்லை. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தரவின்படி 2022-இல் போதைப்பொருள் தொடர்பாகக் கைதானவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். சிகிச்சை பெற்றோரோ சில ஆயிரம் பேர். 2019-இல் அதே சபை நடத்திய கணிப்பில் ஹெரோயின் பாவிப்போர் சுமார் 92,500 பேர் என்று மதிப்பிடப்பட்டது. அண்மை ஆண்டுகளில் நமது சிறைகளில் கொள்ளக்கூடியதைப்போல் இரு மடங்குக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். தண்டனை பெற்று உள்ளே போவோரில் பெரும்பகுதியினர் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் போகிறவர்கள் என்பதைச் சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிவரங்களே ஆண்டுக்காண்டு காட்டுகின்றன. ஆக, பலரைப் பொறுத்தவரை சிறைவாசலைத் தீர்மானிப்பது பையிலிருந்த தூளின் அளவைவிடப் பையிலில்லாத காசின் அளவு.

போதைப்பொருள் நீதிமன்றம் என்ற சொல்லைக் கேட்டவுடன் இங்கே பலருக்கும் தோன்றுவது வழக்குகளை விரைந்து முடித்து விரைந்து தண்டிக்கும் ஒரு விசேட மன்றம். இங்கே பேசப்படுவது வேறு. 1989-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மயாமி நகரில் முதலாவது சிகிச்சை நீதிமன்றம் தொடங்கியபோது அங்கிருந்த நிலைமை நமக்கு அந்நியமானதல்ல: கொக்கெயின் வழக்குகள் குவிந்து, சிறைகள் நிரம்பி, விடுதலையானவர்கள் சில மாதங்களில் அதே கூண்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே செய்த மாற்றம் எளிது. குற்றஞ்சாட்டப்பட்டவர் சம்மதித்தால் வழக்கு அல்லது தண்டனை ஒத்திவைக்கப்படும். அவர் வீட்டிலிருந்தபடி சிகிச்சைக்குப் போவார், சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பார், குறித்த நாளில் அதே நீதிபதி முன் வருவார். நீதிபதியிடம் மருத்துவரும் ஆற்றுப்படுத்துநரும் அனுப்பிய குறிப்பு இருக்கும். முன்னேறினால் பாராட்டு, தவறினால் சிறு கண்டிப்பு, ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டு கழித்து முடித்தால் வழக்குத் தள்ளுபடி அல்லது இலேசான தண்டனை. இன்று அமெரிக்காவில் இத்தகைய நீதிமன்றங்கள் 3,500-க்கும் மேல்.

இது பலன் தருகிறதா? 154 மதிப்பீடுகளைத் திரட்டி ஓஜ்மாரா மிச்செலும் மற்றவர்களும் 2012-இல் வெளியிட்ட பகுப்பாய்வு ஒரு நிதானமான விடை தருகிறது: வழக்கமான வழியில் போனவர்களில் பாதிப்பேர் மறுபடி குற்றத்தில் சிக்கினார்கள் என்றால், வயதுவந்தோருக்கான போதை நீதிமன்றங்கள் வழியே போனவர்களில் அது 38 சதவீதம். 23 போதை நீதிமன்றங்களிலும் ஒப்பீட்டு இடங்களிலுமாகச் சுமார் 1,800 பேரைப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வில், பதினெட்டாம் மாத நேர்காணலுக்கு முந்திய ஓராண்டில் போதைப்பொருள் பாவித்தவர்கள் நீதிமன்றத் தரப்பில் 56 சதவீதம், ஒப்பீட்டுத் தரப்பில் 76 சதவீதம். பாதிக்கு மேற்பட்டோர் மறுபடி பாவித்தார்கள் என்பதையும் அதே எண் சொல்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. இந்த நோயில் மீளவிழுதல் என்பது விதிவிலக்கல்ல. என்னைக் கவர்ந்தது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. எது வேலை செய்தது என்று தேடிப் பார்த்தபோது முன்னுக்கு வந்தது நீதிபதிதான். தன்னை நீதிபதி மரியாதையாக, நியாயமாக நடத்தினார் என்று யார் நினைத்தார்களோ அவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். டெலவெயர் மாநிலத்தில் டக்ளஸ் மார்லோ குழுவினர் நடத்திய சோதனைகள் இதை இன்னும் நுட்பமாக்கின. இரண்டு கிழமைக்கு ஒருமுறை நீதிபதி முன் வருவோர் ஒரு பிரிவு, தேவைப்பட்டால் மட்டும் வருவோர் மறு பிரிவு என்று குலுக்கலில் பிரித்தார்கள். முன்பு சிகிச்சையில் தோற்றவர்கள், நடத்தைச் சிக்கல் ஆழமானவர்கள் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்தபோது தேறினார்கள். ஆபத்துக் குறைந்தவர்களுக்கு அந்த அலைச்சலால் கூடுதல் நன்மை எதுவுமில்லை. இரண்டு கிழமை என்றால் 14 நாள். நமது விளக்கமறியல் தவணையின் கால அளவும் அதுவே. எலும்புக்கூடு இங்கே ஏற்கனவே இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

“எங்களிடமும் நீதிமன்ற வழிச் சிகிச்சை உண்டே, 2007-ஆம் ஆண்டின் 54-ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறதே” என்று ஒருவர் கேட்கலாம். இருக்கிறது. போதைப்பொருளில் தங்கியிருப்போரை விருப்பத்தின்பேரிலும், நீதவானின் கட்டளையால் கட்டாயமாகவும் சிகிச்சைக்கு அனுப்ப அது இடந்தருகிறது. (சட்டத்தின் ‘தங்கியிருப்போர்’ என்ற சொல் நமது பத்திரிகைகளின் ‘அடிமைகள்’ என்ற சொல்லைவிட எவ்வளவோ மேல்.) ஆனால் கட்டாய வழி கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்களில் முதன்மையானது கண்டக்காடு. பொலன்னறுவை மாவட்டத்தில், கொழும்பிலிருந்து 200 கிலோமீற்றருக்கும் அப்பால், முன்னாள் போராளிகளின் புனர்வாழ்வுக்கென இருந்த நிலையம் அது. முன்னாள் மனித உரிமைகள் ஆணையாளர் அம்பிகா சற்குணநாதன் 2021-இல் எழுதிய ஆய்வு, அங்கே சிகிச்சை என்ற பெயரில் நடந்தது இராணுவத்தினரின் மேற்பார்வையில் உடற்பயிற்சியும் ஒழுங்குக் கட்டுப்பாடும் அடியும் என்பதைப் பதிவு செய்தது. 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததையடுத்து மோதல் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். அந்த மரணம் தொடர்பாக இராணுவ, விமானப்படை உறுப்பினர்கள் நால்வர் கைதானார்கள். பிறகு புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் வந்தது. அதன் பல பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் சொன்னபின், திருத்தங்களோடு 2023-இல் சட்டமானது.

கண்டக்காட்டையும் சிகிச்சை நீதிமன்றத்தையும் ஒன்றாகப் பார்ப்பது பெரிய தவறு. இரண்டிலும் கட்டாயம் இருக்கிறது, ஆனால் கட்டாயம் எங்கே நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு. முகாமில் கட்டாயம் கதவில் நிற்கிறது. ஆள் உள்ளே இருக்கும்வரை பாவிக்கமாட்டார், கதவு திறந்ததும் பழைய தெருவுக்கே திரும்புவார். மலேசியாவில் இதை அளந்தே பார்த்தார்கள். ஹெரோயின் வகைப் பொருள்களில் தங்கியிருந்தோரில் கட்டாயத் தடுப்பு நிலையத்திலிருந்து வெளிவந்தவர்களையும், விரும்பி வந்து மெதடோன் என்ற மாற்று மருந்தைப் பெறும் நிலையங்களில் இருந்தவர்களையும் ஒப்பிட்டு 2017-இல் வெளியான ஆய்வின்படி, மறுபடி பாவிக்கத் தொடங்கும்வரையான இடைநிலைக் காலம் முதற் தரப்பில் 31 நாள், மறுதரப்பில் 352 நாள். கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடுமாறு ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் 2012-இலேயே கூட்டாகக் கேட்டதற்குக் காரணம் இல்லாமலில்லை. சிகிச்சை நீதிமன்றத்தில் ஆள் அதே தெருவில் வாழ்ந்துகொண்டே தேற முயல்கிறார். கட்டாயம் என்பது தவணைக்கு வருவது மட்டும். ‘சிறையா, சிகிச்சையா என்று கேட்பது சுதந்திரமான தெரிவா?’ என்ற கேள்வி நியாயமானது. முழுச் சுதந்திரம் அதில் இல்லை. அதனாலேயே ஒரு விதியைச் சட்டத்தில் எழுதவேண்டும்: இடையில் விலகுபவருக்கு, இந்த வழிக்கே வராமலிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தண்டனையைவிட ஒரு நாள்கூட அதிகமாகக் கிடைக்கக் கூடாது.

உண்மையில் கொழும்புக்கு வேண்டிய சட்ட அடித்தளம் 2007-ஐவிட 1999-இல்தான் கிடைக்கிறது. அவ்வாண்டின் 46-ஆம் இலக்கச் சட்டம் சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை இட நீதவானுக்கு அதிகாரம் தந்தது. போதைப்பழக்கத்துக்கான சிகிச்சையையும் அதில் நிபந்தனையாகச் சேர்க்கலாம். அதற்கென ஒரு திணைக்களமும் உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். இல்லாதது இரண்டு. கட்டளை இட்ட நீதவானே அந்த ஆளைத் தவணைக்குத் தவணை பார்ப்பது அந்த ஏற்பாட்டின் மையத்தில் இல்லை. அனுப்புவதற்குப் பக்கத்தில் போதிய சிகிச்சை இடங்களும் இல்லை. தலங்கமை, காலி, கண்டி, நிட்டம்புவ என்று தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் நிலையங்கள் இருக்கின்றன. ஹோர்ட்டன் பிளேசில் சுமித்ராயோ அமைப்பின் மெல் மெதுர நிலையம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் நாட்கூலிக்கு மூட்டை தூக்கும் ஒருவர் வேலையை விடாமல் மாலையில் நடந்துபோய்ப் பேசிவிட்டு வர இடம் எங்கே?

இங்கே மொழியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. இந்த விவாதங்களில் அநேகமாக ஒருவரும் தொடாத இடம் இது. வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம் என்பது அரசியலமைப்பின் 24-ஆம் உறுப்புரை. தமிழில் பங்குபற்றவும் மொழிபெயர்ப்புப் பெறவும் உரிமை உண்டு, முதலியாரோ மொழிபெயர்ப்பாளரோ இருப்பார். குற்றப்பத்திரம் வாசிக்க, சாட்சியம் சொல்ல அது ஓரளவு போதும். ஆனால் சிகிச்சை நீதிமன்றத்தில் மருந்தே பேச்சுதான். “இந்தக் கிழமை ஏன் தவறினாய்?” என்று நீதவான் கேட்பதும், கேட்கப்பட்டவர் தலைகுனிந்து எதையோ முணுமுணுப்பதும், அந்த முணுமுணுப்பில் பொய் எவ்வளவு வெட்கம் எவ்வளவு என்று கேட்பவர் கணிப்பதும் மூன்றாமவர் வாயால் நடக்கிற காரியமா? நீதிபதியின் மரியாதையே தேறுவதற்கான பெரிய காரணம் என்ற ஆய்வு முடிவை இங்கே பொருத்திப் பார்த்தால், மொழிபெயர்ப்பில் நடக்கும் சிகிச்சை நீதிமன்றம் தமிழ் பேசுவோருக்குப் பாதி மருந்துதான் கொடுக்கும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி என்று தமிழும் முஸ்லிம்களின் தமிழும் தெருமொழியாக இருக்கும் நகரத்தில் இது ஓரப் பிரச்சினையல்ல. ஆற்றுப்படுத்தலுக்கும் இதே கதைதான். வெள்ளவத்தையில் வசதியுள்ள குடும்பம் பையனுக்கு நல்ல சட்டத்தரணியை வைக்கும், பிணையில் எடுக்கும், ஊரறியாமல் தனியார் நிலையத்தில் சேர்க்கும், முடிந்தால் வெளிநாட்டுக்கு அனுப்பிவிடும். அதே வெள்ளவத்தையின் கால்வாயோரத்துப் பையனுக்கு இந்த வழிகள் ஒன்றுமில்லை. கொட்டாஞ்சேனையையோ செய்திகள் துப்பாக்கிச் சூட்டின் பெயராகவே மாற்றிவிட்டன. அங்கே அம்மா ஒருவர் பொலிஸிடம் போய் “மகனுக்கு உதவி வேண்டும்” என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் கைவிலங்குதான் என்ற பயம் பரவியிருப்பதில் வியப்பில்லை.

இந்த நீதிமன்றங்களை இடது பக்கமிருந்து எதிர்ப்பவர்களின் வாதமே எனக்குக் கனமானதாகப் படுகிறது. நீதிபதி மருத்துவரல்ல, நோயாளியைக் கூண்டில் ஏற்றி நலம் விசாரிப்பது மனிதாபிமானத்தின் வேடம், வலை விரிந்தால் மீன் கூடும். இதற்குச் சான்றும் உண்டு. டென்வர் நகரில் 1994-இல் இந்த நீதிமன்றம் திறந்த இரண்டே ஆண்டுகளில் போதை வழக்குகள் ஏறத்தாழ மூன்று மடங்காகின என்று அங்கு நீதிபதியாக இருந்த மொரிஸ் ஹொஃப்மன் எழுதினார். சிகிச்சைக்கு அனுப்பத்தானே என்று பொலிஸார் தாராளமாகக் கைது செய்தார்கள். பல அமெரிக்க நீதிமன்றங்கள், உலக சுகாதார நிறுவனம் 2005-இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்த மெதடோனையும் புப்ரெனோர்பினையும் நீண்டகாலம் தடுத்து, மருந்தை விட்டால்தான் தேறியதாகக் கணக்கு என்றன. மருத்துவத்தில் நீதிபதி கைவைத்ததற்கு இதைவிட மோசமான உதாரணம் கிடையாது. போர்த்துக்கல் 2001-இல் வேறு வழி எடுத்தது. பத்து நாள் பாவனைக்குள் அடங்கும் அளவு வைத்திருப்பவர் அங்கே குற்றவாளி அல்ல. நீதிமன்றத்துக்கே போகாமல் ஒரு சிறு ஆணைக்குழுவிடம் போகிறார். இந்த வாதத்தின் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். டெலவெயர் சோதனையும் அதையே சொல்கிறது: ஆபத்துக் குறைந்தவரை நீதிபதி முன் அலைக்கழிப்பதால் பலனில்லை. ஆகவே கஞ்சாச் சுருட்டோடு பிடிபட்டவரும், எப்போதாவது பாவிப்பவரும் இந்த நீதிமன்றத்தின் பக்கமே வரக்கூடாது. அவர்களை எச்சரித்து, ஆலோசனைக்கு வழிகாட்டி, வீட்டுக்கு அனுப்பவேண்டும். சிகிச்சை நீதிமன்றம் என்பது எப்படியும் சிறைக்குப் போகப்போகிறவருக்கு மட்டும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1999-இல் பரமட்டாவில் தொடங்கிய நீதிமன்றம் இந்த விதியைத்தான் வைத்தது: சிறைத்தண்டனை அநேகமாக உறுதியான, வன்முறைக் குற்றம் இல்லாத, போதைப்பொருளில் தங்கியிருக்கும், அப்பகுதியில் வசிக்கும் ஒருவர். அங்கே 2008-இல் வந்த மதிப்பீட்டில் மறுபடி குற்றத்தீர்ப்புப் பெறும் வாய்ப்பு 17 சதவீதம் குறைந்திருந்தது, போதைக் குற்றங்களில் 38 சதவீதம்.

மற்ற ஆட்சேபங்களை விரைவாகவே பார்க்கலாம். விற்பவன் பாவிப்பவன் வேடத்தில் நழுவிவிடுவான் என்கிறார்கள். தன் பாவனைக்காகச் சிறிதளவு கைமாற்றிவிடுபவன் உண்மையிலேயே இரண்டும்தான். பணத்தை முதலிட்டு ஆட்களை ஏவுபவன் தெருவில் 200 மில்லிகிராமோடு பிடிபடுவதில்லை. ஐஸுக்கு மெதடோன்போல் மாற்று மருந்து கிடையாது என்பது உண்மை. ஆனால் பாவிக்காத ஒவ்வொரு பரிசோதனைக்கும் சிறு வெகுமதி தரும் முறைக்கு இவ்வகைப் பொருள்களில் வலுவான சான்று இருக்கிறது; பஸ் கட்டணமோ பலசரக்குக் கடைச் சீட்டோ போதும். செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள், விளக்கமறியல் கைதி ஒருவருக்கு நாளாந்தம் அரசு செய்யும் செலவையும், அவர் உள்ளே இருக்கும் மாதங்களில் வீட்டில் நின்றுபோகும் சம்பளத்தையும் சேர்த்துக் கூட்டட்டும்.

விரிவாக்கம் என்ற பெயரில் நாடெங்கும் ஒரே நாளில் இருபது நீதிமன்றங்களை வர்த்தமானியில் அறிவிப்பது நமது வழக்கம். நியூ சவுத் வேல்ஸ் இரண்டாவதைத் திறக்க 12 ஆண்டுகள் எடுத்தது, 2011-இல். மூன்றாவது 2013-இல் சிட்னியில். இடங்கள் குறைவு என்பதால் தகுதியானவர்களை அங்கே குலுக்கலில் தெரிவு செய்கிறார்கள். செல்வாக்குக்கு இடமில்லை, குலுக்கலில் வராதவர்களோடு ஒப்பிட்டுப் பலனையும் அளக்கமுடிகிறது. போக்குவரத்து வழக்குகளுக்குத் தனி நீதிமன்றமும், சிறுவருக்குப் பத்தரமுல்லையில் தனி நீதிமன்றமும் வைத்திருக்கும் நாம் நீதி அமைச்சிடமும் நீதிச் சேவை ஆணைக்குழுவிடமும் கேட்கவேண்டியது, புதுக்கடையில் கிழமைக்கு இரண்டு நாள் கூடும் ஒரே ஒரு மன்றத்தை. தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசும் ஒரு நீதவான், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு இடமாற்றம் இல்லாமல். கொட்டாஞ்சேனையில் ஒன்று, வெள்ளவத்தையில் ஒன்று என்று மாலையில் திறந்திருக்கும் இரண்டு சிகிச்சை நிலையங்கள், சீருடை அணிந்த எவரும் இல்லாமல், சுகாதார அமைச்சின் கீழ். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை காலம் என்பதை மருத்துவர் மட்டும் முடிவு செய்யவேண்டும். தகுதியானவர்களிலிருந்து குலுக்கலில் 200 பேர், மூன்று ஆண்டு, வெளியார் ஒருவரின் மதிப்பீடு, அதன் முடிவு மூன்று மொழிகளிலும் பகிரங்கமாக. பலனில்லை என்று அந்த மதிப்பீடு சொன்னால் மூடிவிடட்டும். அதுவரை கண்டக்காட்டுக்குப் புதிதாக ஒரு பஸ்கூட அனுப்பக் கூடாது.